நவம்பர் மாதத் தாள்

நிலாணி: அங்கிள், கையை எடுங்கோ... தொடாதேங்கோ. இது என்ன, இந்த நீலம்?

அகஸ்ரின்: எது?

நிலாணி: இஞ்ச, இந்த ஓரத்தில. போல்பொயின்ற் பேனையோ?

அகஸ்ரின்: ஓம். ஏன், பேனையால எழுதக்கூடாதோ?

நிலாணி: அங்கிள்... இது ஐந்நூற்றைம்பது வருசத்துத் தோல். கன்றுக்குட்டித் தோல். பிரான்சில ஆரோ ஒரு மனுசன் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்து இந்தக் கொடியையும் பூவையும் கீறி, தங்கம் ஒட்டி...

அகஸ்ரின்: தெரியும் பிள்ளை. தங்கத்தில நாங்கள் தொடேல்லை. வெறும் இடத்திலதான் எழுதினது.

நிலாணி: 'செபமாலை அன்ரி, மூண்டாம் திகதி.' 'கஸ்பர் பெரியப்பு, ஆறாம் திகதி.' தமிழில வேற!

அகஸ்ரின்: பின்னை, பிரெஞ்சிலயே எழுதுறது? மனுசி மன்னார்க்காரி. அவவுக்கு இங்கிலிசே தட்டுத்தடுமாறித்தான்.

நிலாணி: சிரிக்க வைக்காதேங்கோ, எனக்கு அழுகை வருது. உங்கட மனுசி ஏன் இதில எழுதினவ?

அகஸ்ரின்: இது பழைய செபப் புத்தகத்துக் கலண்டரில நவம்பர் மாசத் தாள் எல்லோ. முப்பது நாளும் இருக்கு. முன்பக்கம் பதினைஞ்சு, பின்பக்கம் பதினைஞ்சு. பக்கத்தில பழைய ஆக்கள் தங்கட செத்த ஆக்களின்ர பேரை எழுதிச் சிலுவையும் போட்டிருக்கினம், பாரும். கிளடிஸ் சொன்னா, எங்கட ஆக்களையும் எழுதி வைப்பம், ஆண்டுப் பூசைக்குப் பேர் குடுக்கேக்க மறக்காது எண்டு.

நிலாணி: அதுக்கு ஒரு கொப்பி வாங்கியிருக்கலாமே.

அகஸ்ரின்: கொப்பி துலைஞ்சு போகும். இது மாதாவின்ர படத்துக்குப் பக்கத்தில இருந்தது, துலையாது. வாங்கேக்கயே கிளடிஸ் நவம்பரைத்தான் தேடி எடுத்தவ. எங்கட பக்கத்தில ஆக்கள் நவம்பரிலதான் கூடச் சாகிறது. மழை.

நிலாணி: எழுதலாம் எண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?

அகஸ்ரின்: வித்த பெட்டைதான். வோபர்னில, கோயில் கார்னிவலில மேசை போட்டு பன்னிரண்டு மாசத்தையும் அடுக்கி வச்சிருந்தவள். பன்னிரண்டு வருசமாகுது. கிளடிஸ் கேட்டவ, 'பிள்ளை, இதில எழுதலாமோ' எண்டு. 'வீட்டை கொண்டுபோனால் உங்கட சாமான்தானே அன்ரி, உங்கட விருப்பம்' எண்டு சொன்னவள்.

நிலாணி: வோபர்னில... பன்னிரண்டு வருசம்.

அகஸ்ரின்: என்ன பிள்ளை?

நிலாணி: ஒண்டுமில்லை. சொல்லுங்கோ.

அகஸ்ரின்: நீர் இந்த வேலை கனகாலமாச் செய்யிறீரோ?

நிலாணி: படிச்சு முடிச்ச நாளிலயிருந்து. பழைய தாள், பழைய தோல், கிழிஞ்சது, ஊறினது எல்லாம் திருத்திறது.

அகஸ்ரின்: கலியாணம்?

நிலாணி: அதைத் திருத்தேலாது, விட்டிட்டன்.

அகஸ்ரின்: சும்மா பகிடி விடாமல்... வீட்டில கனபேரோ? அம்மா, அப்பா, சகோதரங்கள்?

நிலாணி: அங்கிள், தாளைப் பற்றிக் கதைக்க வந்தீங்களோ, எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களோ?

அகஸ்ரின்: எங்கட பிள்ளை எண்டபடியால கேக்கிறன். கேக்கக் கூடாதோ?

நிலாணி: அப்பா சின்ன வயசிலயே செத்துப்போட்டார். அம்மா இப்ப ஏப்ரலில. சகோதரம் இல்லை. காணுமோ?

அகஸ்ரின்: அப்ப தனியத்தான்.

நிலாணி: தனியத்தான்.

அகஸ்ரின்: ம்... நல்லது.

நிலாணி: நல்லதோ?

அகஸ்ரின்: இல்லையில்லை... பாவம் எண்டு சொல்ல வந்தனான். சரி, விசயத்துக்கு வாறன். எனக்கு இதில ஒரே ஒரு பேரை அழிச்சுத் தர வேணும். மற்றதெல்லாம் கிடக்கட்டும்.

நிலாணி: ஒண்டை மட்டுமோ? முழுக்க எடுக்க வேணும் எண்டெல்லோ நான் நினைச்சன்.

அகஸ்ரின்: ஒண்டு மட்டும். பின்பக்கம் திருப்பும். இருபத்தொராம் திகதி.

நிலாணி: இருபத்தொண்டு... 'றஜிதா.'

அகஸ்ரின்: அதுதான்.

நிலாணி: இவ ஆர்? எப்ப செத்தவ?

அகஸ்ரின்: சாகேல்லை. என்ர மகள். கீழ காருக்குள்ள இருக்கிறா.

நிலாணி: காருக்குள்ளயோ?

அகஸ்ரின்: பார்க்கிங் இல்லையாம். ரிக்கற் குடுக்கிறவன் வருவான் எண்டு இறங்கமாட்டன் எண்டிட்டா.

நிலாணி: உயிரோட இருக்கிற மகளின்ர பேரை ஏன் அங்கிள் இதில எழுதினீங்கள்?

அகஸ்ரின்: நான் எழுதேல்லை.

நிலாணி: இருபத்தொண்டு... இண்டைக்குப் பத்தொன்பது.

அகஸ்ரின்: ஓம். வெள்ளிக்கிழமை. நாளையிண்டைக்கு. அதாலதான் பிக்கரிங்கிலயிருந்து இந்தப் பனிக்குள்ளயும் ஓடி வந்தனான். அழியும்தானே? கெதியா அழியும்தானே?

நிலாணி: பதறாதேங்கோ. அன்ரி வேற ஏதும் ஞாபகத்துக்கு எழுதியிருப்பா. பிறந்தநாள், கலியாண நாள்...

அகஸ்ரின்: பிறந்தது மாசியில. கலியாணம் ஆவணியில. அதுவும் சரிவரேல்லை. சித்திரையில பெட்டியையும் தூக்கிக்கொண்டு என்னட்ட வந்திட்டா.

நிலாணி: எழுத்து அன்ரியின்ரதானே?

அகஸ்ரின்: 'ஜி'யைப் பாரும். அப்பிடிச் சுழிக்கிறது அவ மட்டும்தான்.

நிலாணி: அப்ப அன்ரியிட்டயே கேட்டால் தெரியுமே.

அகஸ்ரின்: அவவும் போட்டா, பிள்ளை. போன வருசம் நவம்பர் பதினொண்டு.

நிலாணி: ஐயோ... சொறி அங்கிள்.

அகஸ்ரின்: கிச்சினில நிண்டவ. கேத்தில் கொதிச்சு நிண்டுது, அவ விழுந்து கிடந்தா. ஹார்ட் எண்டு சொன்னாங்கள். ஒரு நாளும் நெஞ்சு நோகுது எண்டு சொல்லாதவ.

நிலாணி: அப்ப இந்தப் பேர் அதுக்கு முதலே...

அகஸ்ரின்: இல்லை. செத்தவீட்டுக்குப் பிறகு இதை எடுத்துத் துடைச்சு, நானேதான் துணியால சுத்தி அலுமாரிக்குள்ள வச்சனான். அப்ப இருபத்தொண்டு வெறுமனே கிடந்தது. இந்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு, ரெண்டாம் திகதி, எடுத்துப் பாத்தால் பேர் கிடக்கு.

நிலாணி: வேற ஆரும் எடுத்து...

அகஸ்ரின்: ஆர் எடுக்கிறது? அலுமாரி பூட்டிக் கிடந்தது, திறப்பு என்ர இடுப்பில.

நிலாணி: இருங்கோ. பெரிசாக்கிப் பாப்பம். இந்த லைற்றைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ... இல்லை, பதிச்சு... ஆ, அப்பிடி.

அகஸ்ரின்: என்ன தெரியுது?

நிலாணி: கஸ்பர் பெரியப்புவைப் பாத்தால், பேனை அழுத்தின தடம் இருக்கு. போல்பொயின்ற் எண்டால் தோலில ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி விழும்.

அகஸ்ரின்: சரி.

நிலாணி: மகளின்ர பேரில தடம் இல்லை.

அகஸ்ரின்: அப்பிடியெண்டால்?

நிலாணி: மேல வச்சு ஆரும் எழுதேல்லை. உள்ளுக்கிருந்து ஊறி வந்தமாதிரிக் கிடக்கு. அங்கிள், கதிரையில இருங்கோ. தண்ணி தரட்டோ?

அகஸ்ரின்: தண்ணி வேண்டாம். அழியும் எண்டு சொல்லும், காணும். இரும், போன் அடிக்குது... ஓம் மகள்?

றஜிதா: அப்பா, இன்னும் முடியேல்லையா? ஐ ஆம் ஸ்ரார்விங்!

அகஸ்ரின்: இப்பத்தான் பாக்கினம். பாணுக்குள்ள வச்சுக் கட்டிக்கொண்டு வந்தனான், பின் சீற்றில கிடக்கு.

றஜிதா: அதை எப்பவோ சாப்பிட்டிட்டன். அம்மாவின்ர சாமிப்படத் தாளைக் கிளீன் பண்ணத்தானே போனனீங்கள், வை சோ லோங்?

அகஸ்ரின்: பழைய சாமான், நேரம் எடுக்கும். நீ ஹீற்றரைப் போட்டிட்டு இரு. வெளியில இறங்காத. வழுக்கும்.

றஜிதா: ரெண்டு கிழமையா இதையேதான் சொல்லுறீங்கள். இறங்காத, ஏறாத, ட்ரைவ் பண்ணாத. ஐ ஆம் நொட் எ பேபி, அப்பா.

அகஸ்ரின்: சரி சரி, வை.

நிலாணி: அவவுக்குத் தெரியாதோ?

அகஸ்ரின்: என்னெண்டு சொல்லுறது? தாயின்ர கையெழுத்தில உன்ர பேர் வந்திருக்கு எண்டோ?

நிலாணி: நீங்கள் இதை எரிச்சுப் பாக்க நினைக்கேல்லையோ?

அகஸ்ரின்: நினைச்சன்.

நிலாணி: நல்லகாலம் செய்யேல்லை. தோல் எரியாது அங்கிள். சுருங்கும். பேரெல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கொண்டு கிட்ட வரும்.

அகஸ்ரின்: உமக்கு என்னண்டு தெரியும்?

நிலாணி: என்ர தொழில்தானே. முன்பக்கம் திருப்பப் போறன். யூவி லைற்றில ஒருக்காப் பாக்க வேணும். ஜன்னல் சீலையை இழுத்து விடுங்கோ.

அகஸ்ரின்: முன்பக்கத்தில என்ன? அழிக்கிறது பின்பக்கத்திலதானே?

நிலாணி: தோல் எவ்வளவு தாங்கும் எண்டு தெரியாமல் கத்தி வைக்கேலாது. ம்... தங்கம் கறுப்பாத் தெரியும், பயப்படாதேங்கோ. பழைய பேர்களும் தெளிவா வரும்... இதென்ன? பதினொராம் திகதியில தோல் மெல்லிசாக் கிடக்கு. சுரண்டியிருக்கு.

அகஸ்ரின்: அது... மெழுகுதிரி. மெழுகு ஊத்துப்பட்டுது. பிளேட்டால எடுத்தனான்.

நிலாணி: மெழுகு எடுத்த இடம் இப்பிடிப் பஞ்சு பிடிக்காது.

அகஸ்ரின்: கொஞ்சம் அழுத்திப்போட்டன்.

நிலாணி: அங்கிள், இந்த லைற்றுக்குப் பொய் சொல்லேலாது. மை போனாலும் மை இருந்த இடம் தெரியும். முதல் எழுத்து 'அ'... பிறகு 'க'...

அகஸ்ரின்: காணும், லைற்றை நூரும், பாக்க வேண்டாம்.

நிலாணி: 'அகஸ்ரின்.'

அகஸ்ரின்: நூரும் பிள்ளை.

நிலாணி: உங்கட பேர். அன்ரி செத்த திகதி. நான் சத்தம் போடேல்லை. ஆறுதலாச் சொல்லுங்கோ.

அகஸ்ரின்: போன வருசமும் ரெண்டாம் திகதிதான். கிளடிஸ் பேர் எழுதிக் குடுக்க எண்டு இதை எடுத்தவ. என்ர பேரைக் கண்டிட்டு அப்பிடியே நிலத்தில குந்தியிட்டா. 'நான் எழுதேல்லை, மாதாவாண நான் எழுதேல்லை' எண்டு ஒரே அழுகை. 'உனக்கு மறதி, நித்திரைக் குழப்பத்தில எழுதியிருப்பாய்' எண்டு நான் சிரிச்சன்... சிரிச்சுப்போட்டு, அவ கடைக்குப் போன நேரம் சவரப் பிளேட்டை எடுத்தன்.

நிலாணி: அன்ரிக்குச் சொன்னீங்களோ?

அகஸ்ரின்: தானா மறைஞ்சிட்டுது எண்டு சொன்னன். மாதாவின்ர புதுமை எண்டு கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினவ. ஒன்பது நாள் பிள்ளை. ஒன்பது நாள் என்ர முகத்தைப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டவ.

நிலாணி: அப்ப வீட்டில நீங்கள் ரெண்டு பேர்தான்.

அகஸ்ரின்: மகள் அப்ப புருசன் வீட்டில.

நிலாணி: உங்களை எடுக்கேல்லை. மிச்சம் இருந்தவவை எடுத்தது.

அகஸ்ரின்: அப்பிடித்தான் விளங்குது.

நிலாணி: அதுதானோ வந்த உடன கேட்டனீங்கள்? வீட்டில கனபேரோ எண்டு? அழிக்கிற ஆளின்ர வீட்டுக்குத்தான் அது போகுது எண்டு தெரிஞ்சுகொண்டு, என்ர கையில கத்தியைத் தர வந்திருக்கிறீங்கள்.

அகஸ்ரின்: கோவிக்காதேயும் பிள்ளை. ஒருத்தரும் இல்லாத வீட்டில அது என்னத்தை எடுக்கப்போகுது எண்டு நினைச்சன்.

நிலாணி: என்ர வீட்டில நான் இருக்கிறன், அங்கிள்.

அகஸ்ரின்: நான் அப்பிடி யோசிக்கேல்லை... சத்தியமா... ஓம், யோசிச்சனான். மன்னிச்சுக்கொள்ளும். பெத்த பிள்ளை எல்லோ.

நிலாணி: நானும் ஒண்டு சொல்ல வேணும். அம்மா ஏப்ரலில போனவ எண்டு சொன்னன்தானே. ஏப்ரல் ஒன்பது. அதுக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னம் றூபன் எண்டு ஒருத்தர் ரெக்ஸ்டேலிலயிருந்து வந்தவர். எங்கட ஆக்கள்தான். ஏப்ரல் மாசத் தாள் கொண்டு வந்தவர். அவரின்ர மனுசியின்ர பேர் ஒன்பதாம் திகதியில. விசர்க் கதை எண்டு சிரிச்சுப்போட்டு நான்தான் சுரண்டிக் குடுத்தன்.

அகஸ்ரின்: அந்த மனுசி?

நிலாணி: சுகமா இருக்கிறா. கிறிஸ்மசுக்குக் கேக் அனுப்புறன் எண்டு போன கிழமையும் போன் எடுத்தவ.

அகஸ்ரின்: மாதாவே... அப்ப உமக்கு முதலே தெரியும். நான் போன் பண்ணேக்கயே தெரியும்.

நிலாணி: தெரியும். தெரியாதமாதிரித்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். வெட்டின ஓரத்தைக் கண்டதும் இன்னும் தெரிஞ்சுது. இஞ்ச பாருங்கோ, உள்பக்க ஓரம். கீழ வரேக்க கொஞ்சம் இடப்பக்கம் இழுபட்டிருக்கு. இடக்கையால வெட்டினால்தான் அப்பிடி வரும்.

அகஸ்ரின்: நீர் இடக்கை.

நிலாணி: படிக்கேக்க ஒரு பழைய புத்தகக் கடையில வேலை செய்தனான். கடை இப்ப இல்லை. கடைக்காரர் ஒரு சின்னச் செபப் புத்தகத்தைக் கொண்டு வந்து மேசையில வச்சார். முழுசா ஒருத்தரும் வாங்கமாட்டினம், தாள் தாளா வெட்டு எண்டார். படம் உள்ளது ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், பன்னிரண்டு மாசம் ஒரு பக்கம். ஒரு பின்னேரத்தில முடிச்சிட்டன்.

அகஸ்ரின்: நீரோ...

நிலாணி: எங்கட ஆக்கள் சாமிப்படம் எண்டால் வாங்குவினம், கோயில் கார்னிவலுக்குக் கொண்டு போவம் எண்டு சொன்னதும் நான்தான். அந்தப் பெட்டை நான், அங்கிள். அன்ரி பச்சைச் சீலை கட்டியிருந்தவ. 'உங்கட விருப்பம்' எண்டு அவவுக்குச் சொன்னது நான்.

அகஸ்ரின்: என்ர கடவுளே. ஏன் பிள்ளை, ஏன் அது இப்பிடிச் செய்யுது?

நிலாணி: எனக்குத் தெரியாது. ஒண்டு மட்டும் நினைக்கிறன். ஒண்டாக் கட்டியிருக்கேக்க வருசம் முழுக்க ஒரு குடும்பத்தோட இருந்தது. அவையின்ர பிறப்பு, இறப்பு, எல்லாம் அதுக்குள்ள. வெட்டினாப் பிறகு ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு வீட்டில தனிய நிக்குது. அதுக்கும் ஒரு குடும்பம் வேணும்போல. உங்கட ஆக்களை நீங்களே எழுதிக் குடுத்தீங்கள். மிச்சத்தை அது எழுதுது.

அகஸ்ரின்: அப்ப என்ர பிள்ளைக்கு வழி இல்லையோ?

நிலாணி: இருக்கு. உங்களுக்கும் தெரியும். நீங்கள் அழிக்கலாம். அழிச்ச பேரை அது தொடாது. மகள் தப்புவா. பிறகு உங்கட வீட்டில மிச்சம்...

அகஸ்ரின்: நான்.

நிலாணி: பிளேட் உங்கட வீட்டிலயும் இருந்ததுதானே? ரெண்டாம் திகதியிலயிருந்து பதினேழு நாள்.

அகஸ்ரின்: ஒவ்வொரு நாளும் எடுத்தனான், பிள்ளை. எடுத்து, பாத்ரூமைப் பூட்டிப்போட்டு, தாளை மடியில வச்சுக்கொண்டு இருப்பன். ஏலாது. எனக்குச் சாகப் பயம். அறுபத்தெட்டு வயசு. சொல்ல வெக்கம், ஆனால் சரியான பயம்.

நிலாணி: எனக்கும் பயம்தான். அதாலதான் நான் தொடமாட்டன்.

அகஸ்ரின்: நீர் தொட வேண்டாம்.

நிலாணி: கத்தி இந்தா இருக்கு. கண்ணாடியைப் போடுங்கோ. ஆனால் முதல் கேக்கிறன், வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வீட்டில வேற ஒருத்தரும் இல்லையே?

அகஸ்ரின்: நானும் மகளும்தான்.

நிலாணி: பேஸ்மென்ற்றில வாடகைக்கு ஆக்கள்?

அகஸ்ரின்: இல்லை.

நிலாணி: மருமகன் வந்து போறவரோ?

அகஸ்ரின்: அவன்ர கதை வேண்டாம். ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுறன்.

நிலாணி: கடைசியாக் கேக்கிறன். ரெண்டு பேர்?

அகஸ்ரின்: ரெண்டு... ரெண்டு பேர்.

நிலாணி: சரி. கத்தியைப் படுக்க வச்சுப் பிடியுங்கோ. வெட்டுறேல்லை, தடவுறமாதிரி. கடைசி எழுத்திலயிருந்து வாங்கோ... மெல்ல... ஓம், அப்பிடித்தான். உங்கட கை நடுங்கேல்லையே.

அகஸ்ரின்: நடுங்கேல்லை.

நிலாணி: 'தா' அழிஞ்சுபோட்டுது. இன்னும் கொஞ்சம்... 'ஜி'யின்ர சுழி மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்குது.

அகஸ்ரின்: விடும், நான் எடுக்கிறன். விடு கிளடிஸ்...

நிலாணி: அங்கிள்?

அகஸ்ரின்: ஒண்டுமில்லை. முடிஞ்சுது. பாரும்.

நிலாணி: ஓம். ஒரு பொட்டும் இல்லை.

அகஸ்ரின்: மகள் தப்பியிட்டாதானே?

நிலாணி: தப்பியிட்டா. அங்கிள், நான் உங்களைப் பற்றி வேற மாதிரி நினைச்சனான், மன்னியுங்கோ. உங்கட நிலையில நான் இதைச் செய்திருக்கமாட்டன். நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் அவவோடயே இருங்கோ. சுவாமியாருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.

அகஸ்ரின்: ம்.

நிலாணி: ஆரோ படியில ஏறுற சத்தம்...

அகஸ்ரின்: இறங்க வேண்டாம் எண்டு சொன்னனான். பிள்ளை, லைற்றை நூரும், நாங்கள் கீழ போறம். கெதியா. உந்தத் தாளையும் நீரே வச்சிரும்.

றஜிதா: ஹலோ... சொறி, டோர் திறந்திருந்தது. அக்கா, வாஷ்ரூம் எங்க? வெயிற் பண்ணேலாது.

நிலாணி: அந்தக் கதவு. இடப்பக்கம். உங்களுக்கு... எத்தினை மாசம்?

றஜிதா: செவன். ஜக்கெற் போட்டும் மறையுதில்லை, என்ன? கேர்ள். காருக்குள்ள இருந்தால் ஒரே உதைதான். இப்பத்தான் கொஞ்சம் சத்தமில்லாமல் கிடக்கிறா. வெயிற், வாறன்.

நிலாணி: என்னைப் பாருங்கோ, அங்கிள். ரெண்டு பேர்தான் எண்டு சொன்னீங்கள். திருப்பித் திருப்பிக் கேட்டனான்.

அகஸ்ரின்: அதுக்கு இன்னும் பேர் வைக்கேல்லைத்தானே, பிள்ளை.